முரசுக் கோபுரத்துச் சந்தில் கோடை

பெய்ஜிங் என்றால் குளிரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த ஊர் கோடைக்கால ஊர். ஜூலை பிறந்ததும் காற்று அடங்கிவிடும். பகலில் வெயில் 35 டிகிரியைத் தொடும். ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பங்கு ஜூலையிலும் ஆகஸ்டிலுமே கொட்டித் தீர்ப்பதால் புழுக்கம் சென்னைக்குச் சற்றும் குறையாது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் சந்து முழுக்க வெளியே வந்து உட்கார்ந்துவிடும். 2009 முதல் சில ஆண்டுகள் அங்கே வேலை நிமித்தமாக இருந்தபோது, அந்த மாலைகளில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் வந்து இறங்கியது ஒரு தட்டு வெள்ளரிக்காய். நறுக்கியது இல்லை, அடித்து உடைத்தது. பூண்டும் வினிகரும் எள் எண்ணெயும் போட்டுப் பிசிறியிருப்பார்கள். சாப்பாட்டில் அதற்குத் தனி மரியாதை கிடையாது. சூடான பதார்த்தங்கள் வரும்வரை வாய்க்கு வேலை கொடுக்கும் தட்டு, அவ்வளவுதான். ஆனால் பெய்ஜிங்கை விட்டு வந்த பிறகு நான் தேடியது அதைத்தான், வாத்து வறுவலை இல்லை.

நான் குடியிருந்த சந்து முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய பெய்ஜிங்குக்கு ஒரு முதுகெலும்பு உண்டு. தெற்கே யொங்திங்மன் வாயிலில் தொடங்கி, தியானன்மென் சதுக்கத்தையும் அரண்மனையையும் ஊடுருவி, 7.8 கிலோமீட்டர் நேராக வடக்கே வந்து முரசுக் கோபுரத்திலும் அதன் பின்னால் நிற்கும் மணிக் கோபுரத்திலும் முடிகிற கோடு அது. 2024 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோடு முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முரசுக் கோபுரம் முதலில் எழுந்தது குப்லாய் கான் காலத்தில், 1272இல். மறுபடி 1420இல் மிங் அரசர்கள் கட்டினார்கள். மணிக் கோபுரம் தீயில் போய், 1747இல் கல்லாலேயே கட்டி முடிக்கப்பட்டது. கடைசிப் பேரரசர் பூ யீ அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்ட 1924 வரை ஊருக்கு நேரம் சொன்னவை இந்த இரண்டு கோபுரங்களும்தான்.

செங்குத்தான 69 படிகள் ஏறினால் முரசு மண்டபம். ஒருகாலத்தில் அங்கே பெரிய முரசு ஒன்றும், சீன நாள்காட்டியின் 24 பருவங்களுக்கு ஈடாகச் சிறிய முரசுகள் 24ம் இருந்தன. பழையவற்றில் மிஞ்சியது பெரியது மட்டும். அதன் தோலில் நீளநீளமாகக் கத்திக் கீறல்கள். 1900இல் நகருக்குள் புகுந்த எட்டு நாட்டுப் படையினர் கிழித்தவை என்பார்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் நான் அங்கேதான் முதலில் அழைத்துப்போவேன். மேலிருந்து பார்த்தால் சாம்பல் நிற ஓட்டுக்கூரைகள் அலை அலையாகப் போகும். அவற்றுக்கு இடையில் தலை காட்டும் மரங்களை வைத்துத்தான் எங்கே முற்றம், எங்கே சந்து என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹூதோங் என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்துகளின் இருபுறமும் சாம்பல் செங்கல் சுவர்தான். ஜன்னல் அதிகம் இருக்காது. வீடுகள் எல்லாம் உள்நோக்கி, முற்றத்தைப் பார்த்து நிற்பவை. நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், ஒரு பெரிய குடும்பம் என்று தொடங்கிய வீடுகள் காலப்போக்கில் ஏழெட்டுக் குடும்பங்களின் ஒண்டுக்குடித்தனங்களாக மாறியிருந்தன. முற்றத்தில் ஆளாளுக்குச் செங்கல் வைத்து எழுப்பிய சமையலறைகள். நடக்க ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். கழிப்பறை சந்துக் கோடியில், எல்லோருக்கும் பொது. வீட்டுக்குள் இடம் இல்லாதவர்களுக்குச் சந்துதான் கூடம், திண்ணை, சாப்பாட்டு அறை. கோடை மாலையில் சீனச் சதுரங்கம் ஆடுகிறவர்கள், பேரனுக்கு விசிறுகிற பாட்டிகள், பனியனை வயிற்றுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு பீர் குடிக்கிற ஆண்கள் எல்லோரும் ஹுவாய் மரத்தடியில் இருப்பார்கள். அதன் வெண்மஞ்சள் பூக்கள் ஜூலையில் உதிர்ந்து சைக்கிள் இருக்கைகளில் ஒட்டிக்கிடக்கும். புறாக்களின் வாலில் சிறு ஊதல் கட்டிப் பறக்கவிடும் பழக்கம் அங்கே உண்டு. கூட்டம் வட்டமடிக்கும்போது வானத்திலிருந்து ஒரே சுருதியில் முனகல் போல ஓசை வரும்.

எங்கள் முற்றத்துக்கு எதிரே அந்தச் சாப்பாட்டுக்கடை. கணவன், மனைவி, மனைவியின் தம்பி, மூன்று பேர்தான். சுவரில் வாசல் வைத்து உள்ளே நான்கு மேசை போட்டிருந்தார்கள். கோடையில் அதே அளவு மேசைகள் வெளியிலும் முளைக்கும். வேகவைத்த உப்புக் கடலை, தோலோடு அவித்த பச்சைச் சோயா, சீரகத்தூள் தூவிச் சுட்ட ஆட்டுக்கறிக் கம்பிகள், பச்சைப் பாட்டிலில் யென்ஜிங் பீர். இவற்றோடு அந்த வெள்ளரிக்காய். அடுப்படி ஜன்னலுக்குள்ளிருந்து ‘பட்’ என்று சத்தம் கேட்டால் யாரோ புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூட்டம் மிகுந்த இரவுகளில் பட், பட் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதைச் செய்ய எனக்குக் கற்றுத்தந்தவர் வீட்டுக்கார அம்மா. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பேசுவார், சமையலில் மட்டும் எதையும் அளக்க மாட்டார். சாப்பிட வரச்சொன்ன ஒரு மாலையில், உதவியாக இருக்கட்டும் என்று நான் சீக்கிரமே போய் வெள்ளரிக்காயைக் கையில் எடுத்தேன். “வெச்சிடு தம்பி. முதல்ல ஆளுங்க வந்து உட்காரட்டும். அப்புறம்தான் அதை அடிக்கணும்” என்றார். மற்ற எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே செய்து மூடி வைத்திருந்தார். வெள்ளரிக்காய் மட்டும் வாளித் தண்ணீரில் முழுசாகக் கிடந்தது.

அந்த ஊர் வெள்ளரிக்காய் நம் ஊர் வெள்ளரி போலத் தடித்திருக்காது. ஒரு முழ நீளம், கரும்பச்சை, உடல் முழுக்கச் சொரசொரவென்று முள். நுனியில் வாடிய மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டிருந்தால், முள் கையில் உறுத்தினால் அன்று பறித்தது என்று பொருள். காய்கறி வண்டிக்காரர் முன்னால் வீட்டுக்கார அம்மா பார்த்ததெல்லாம் இந்த இரண்டையும்தான். தோல் மெல்லியது, விதை பிஞ்சு, சீவ வேண்டியதே இல்லை. ‘ஜின்’ கணக்கில் வாங்க வேண்டும். ஒரு ஜின் அரைக் கிலோ. இரண்டு காய் நிறுத்தாலே ஒரு ஜின் வந்துவிடும், நான்கு பேருக்கு அது போதும்.

மரத்தின் அடிப்பகுதியைக் குறுக்கே அறுத்தெடுத்த கனமான வட்டக்கட்டை. அதன் மேல் காயைக் கிடத்தி, இரு நுனியையும் அரிந்துவிட்டு, அகலமான சமையல் கத்தியைப் படுக்கையாக அதன் மேல் வைத்து உள்ளங்கையால் ஓர் அறை. வெறி கொண்டு அடிக்கக் கூடாது, கூழாகிவிடும். தயங்கியும் அடிக்கக் கூடாது, கத்தி வழுக்கும். சரியாக விழுந்த அடியில் காய் நீளவாக்கில் தானாகவே பிளந்துகொள்ளும். வெள்ளரியின் உள்ளே மூன்று அறைகள் உண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் விதைகள் மூன்று பாகமாக அமைந்திருப்பது தெரியும். அடி அந்தச் சேர்க்கைகளில் போய் விரிசல் விடுகிறது. பிறகு சாய்வாக ஒரு அங்குலத் துண்டுகள். அவ்வளவுதான் வெட்டு.

ஏன் அடிக்க வேண்டும், நறுக்கினால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. கத்தி அறுத்த முகம் வழவழப்பாக இருக்கும். மேலே ஊற்றியது வழிந்து தட்டின் அடியில் தேங்கும். உடைந்த முகமோ கரடுமுரடானது, பள்ளமும் மேடுமாக இருப்பது. வினிகரும் பூண்டும் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கடிக்கும்போது வெளியே உறைப்பும் புளிப்பும், உள்ளே வெறும் வெள்ளரியின் குளிர்ச்சி. இரண்டும் கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நறுக்கி ஊறவைத்ததில் இந்த வரிசை கிடைக்காது, எல்லாம் ஒரே சுவையாகிவிடும்.

துண்டுகளில் அரைத் தேக்கரண்டி உப்புப் பிசிறிப் பத்து நிமிடம். வெள்ளரியில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உப்பு அதில் கொஞ்சத்தை வெளியே இழுத்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றுகிற வினிகர் நீர்த்துப்போகும். அந்தப் பத்து நிமிடத்தில் பூண்டு. நான்கைந்து பற்களைச் சிட்டிகை உப்போடு சிறு உரலில் போட்டு நசுக்குவார் அவர். மெல்லியதாக அரிந்துபோடுவதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். காரணம் உண்டு. பூண்டின் காரம் முழுப்பல்லில் இல்லை. அணுக்கள் உடையும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருந்தவை சேர்ந்து அந்தக் காரப்பொருள் உண்டாகிறது. அதிகம் உடைந்தால் அதிகக் காரம். வெள்ளரிக்கும் பூண்டுக்கும் ஒரே வைத்தியம், அடி.

அதற்குப் பிறகு வினிகர். அவர் அலமாரியில் இரண்டு புட்டி இருந்தது. ஒன்று பெய்ஜிங் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் அரிசி வினிகர். மற்றது ஷான்ஷி மாகாணத்தின் பழைய வினிகர். சோளம், பார்லி, பட்டாணி சேர்த்துப் புளிக்கவைத்து, கோடையில் வெயிலில் சுண்டவிட்டு, குளிர்காலத்தில் மேலே உறையும் பனிக்கட்டியை எடுத்து எறிந்து, மிஞ்சுவதைக் கெட்டிப்படுத்தி எடுப்பது. தெற்கே செஞ்சியாங்கில் செய்யப்படும் ஒட்டரிசி வினிகர் இன்னும் இனிப்பானது, உணவகங்களுக்கு அதுதான் பிடிக்கும். என் நாக்கு ஷான்ஷியின் பக்கம். சிறு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் அதன் முரட்டுத்தனம் தணிந்து, ஆழம் மட்டும் நிற்கும். ஒன்றரை மேசைக்கரண்டி போதும். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் நிறம் கறுத்துவிடும். வீட்டுக்கார அம்மா அதையும் போட மாட்டார், உப்பே போதும் என்பார். வினிகர் பட்டபின் நேரம் ஓடத் தொடங்குகிறது. புளிப்பு, பச்சை நிறத்தை மங்கவைத்து ஆலிவ் நிறமாக்கும். உப்பும் சர்க்கரையும் தொடர்ந்து நீரை இழுத்து, மொறுமொறுப்பைத் தொய்யவைக்கும். கால் மணி நேரம் கழித்து அதே தட்டில் இருப்பது வேறு பண்டம். ஆள் வந்து உட்காரட்டும் என்று அவர் சொன்னதன் நியாயம் இதுதான்.

கடைசியில் எள் எண்ணெய், ஒரு தேக்கரண்டி. நம் நல்லெண்ணெயும் எள்ளிலிருந்து வருவதுதான். ஆனால் நம் செக்கில் பச்சை எள்ளைக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். அங்கே எள்ளை நன்றாக வறுத்து, கல் இயந்திரத்தில் கூழாக அரைத்து, சுடுதண்ணீர் விட்டுக் கிளறி, மேலே மிதந்து வரும் எண்ணெயை எடுக்கிறார்கள். பழுப்பு நிறம், வறுத்த வாசனை, துளியிலேயே வேலை முடிந்துவிடும். நம் நல்லெண்ணெயில் பொங்கலுக்கும் இட்லிப் பொடிக்கும் உள்ள நயம் அதற்குக் கிடையாது. இந்தத் தட்டுக்கு மட்டும் அதற்கு மாற்று இல்லை. சந்துக்கடை முதலாளி இதன் மேல் இரண்டு வரமிளகாயைச் சூடான எண்ணெயில் பொரித்துச் ‘சுர்’ என்று கொட்டுவார். சிச்சுவான் பக்கத்து ஆட்கள் வந்தால் வாயை மரக்கவைக்கும் அவர்கள் ஊர் மிளகும் சேரும். தலைக்கு மேல் கொத்தமல்லித் தழை.

வெள்ளரிக்குப் பூர்வீகம் இமயமலை அடிவாரம். முதலில் பயிராக்கியது இந்தியத் துணைக்கண்டம். சீனத்துக்கு அது மேற்கு வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஹான் பேரரசின் தூதர் சாங் சியென் விதை கொண்டுவந்தார் என்று 16ஆம் நூற்றாண்டின் மருத்துவ அறிஞர் லி ஷிசென் எழுதி வைத்தார். தூதரின் பெயரில் ஏற்றிச் சொல்லும் மரபுக் கதையாகவும் அது இருக்கலாம். ஆனால் 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே தொகுத்த வேளாண் நூலில் வெள்ளரிக்கு இடம் இருக்கிறது. கொடி பற்றி ஏறக் குச்சிகளை நட்டுவிட வேண்டும் என்கிறார் அவர். எங்கள் முற்றத்திலும் ஒரு தாத்தா பழைய குடைக் கம்பிகளையும் மூங்கிலையும் கட்டி, வண்ணத் தகர டப்பாவில் மண் போட்டு வெள்ளரிக் கொடி ஏற்றியிருந்தார். அதில் காய்த்ததை அவர் யாருக்கும் விற்றதில்லை. கதவு திறந்திருக்கும் வீட்டு வாசலில் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கோடையின் உச்சத்தை அங்கே மூன்று ‘ஃபூ’க்களாகப் பிரிப்பார்கள். முதல் ஃபூவுக்குக் கொழுக்கட்டை போன்ற ஜியாவ்சி, இரண்டாவதற்கு நூடுல்ஸ், மூன்றாவதற்கு முட்டையோடு ரொட்டி என்று வடக்கே ஒரு கணக்கு. நூடுல்ஸ் நாளில் வறுத்த சோயா விழுதைப் போட்டுக் கலந்து, மேலே வெள்ளரிக்காயைக் குச்சி குச்சியாக அரிந்து போடுவார்கள். அன்று அடிக்க மாட்டார்கள், அரிவார்கள். விழுது கெட்டியானது, தானே ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கரடுமுரடான முகம் வேண்டாம். இப்படிச் சின்னச் சின்ன நியாயங்கள் எல்லாம் எழுதாமலே அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

2017இல் பெய்ஜிங்கின் பழைய சந்துகளில், குடியிருப்புச் சுவர்களை உடைத்து அனுமதியில்லாமல் திறந்த கடைகளையெல்லாம் மூடும் பணி நடந்தது. சட்டப்படி அவை குடியிருப்புகள்தான். சந்துகளின் பழைய தோற்றத்தை மீட்க வேண்டும் என்பதும் பொய்யான காரணம் இல்லை. இரைச்சலும் குப்பையும் தாங்காமல் கடைகளைப் பற்றிப் புகார் சொன்ன குடித்தனக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் மறு ஆண்டு நான் போனபோது பார்த்த சுவர் என் மனதை அறுத்தது. வாசல் இருந்த இடத்தில் புதுச் சாம்பல் செங்கல், அதில் தலைக்கு மேலே சிறு ஜன்னல். சந்து சுத்தமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. மரத்தடியில் ஒரு ஸ்டூல் இல்லை. அந்தக் குடும்பம் சொந்த ஊரான ஹெனானுக்குத் திரும்பிவிட்டதாகப் பக்கத்து முற்றத்தில் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மா ஐந்தாவது சுற்றுச் சாலைக்கு வெளியே மகன் வீட்டில், லிஃப்ட் வைத்த கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தார்.

அங்கே போய்ப் பார்த்தேன். தனிக் கழிப்பறை, வெந்நீர், குளிர்காலத்தில் குழாய் வழியாக வரும் சூடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவருக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஒண்டுக்குடித்தனத்தில் மூட்டுவலியோடு பனிக்காலத்தில் சந்துக்கோடிக்கு நடந்தவருக்கு, சந்தின் அழகைப் பற்றி என்னிடமிருந்து பாடம் தேவையில்லை. ஒன்றே ஒன்றுதான் குறை சொன்னார். மாலையில் யாரும் தானாக வருவதில்லை. வருகிறவர்கள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போகிறார்கள். நான் சோஃபாவில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து சமையலறைக்குப் போனார். ‘பட்’ என்று கேட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் சத்தத்துக்குக் கோபப்படுவார்கள் என்று கட்டைக்கடியில் மடித்த துண்டு வைத்திருந்தார்.

சென்னையில் நான் இதை அடிக்கடி செய்கிறேன். நம் நாட்டு வெள்ளரியில் விதையும் நீரும் கூடுதல், அதனால் பிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும். முற்றியிருந்தால் அடித்த பிறகு விதைச் சதையைக் கரண்டியால் வழித்துவிடலாம். கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்தில் நிற்கும், அங்கே ஒரு துண்டு கூடவே அரிந்து கடித்துப் பாருங்கள். அகலக் கத்தி இல்லையென்றால் சப்பாத்திக் கட்டையால் ஒரு தட்டு. கறுப்பு வினிகர் இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது. வறுத்த எள் எண்ணெயும் கிடைக்கிறது. கிடைக்காத நாளில் இரண்டு தேக்கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவுங்கள், நல்லெண்ணெயை ஊற்றிச் சமாளிப்பதைவிட அது மேல். விருந்தாளி செருப்பைக் கழற்றும் முன் கத்தியை எடுக்காதீர்கள்.

தட்டில் மிஞ்சும் சாறைக் கொட்டிவிடவும் வேண்டாம். பூண்டும் வினிகரும் வெள்ளரியின் நீரும் கலந்த அந்தச் சாறில், வெந்த கோதுமை நூடுல்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிப் போட்டுப் பிரட்டித் தருவார் வீட்டுக்கார அம்மா. இரண்டாவது ஃபூவுக்கு நூடுல்ஸ் சாப்பிட்டாக வேண்டும் என்ற கணக்கும் அதிலேயே தீர்ந்துவிடும்.